அரசு மருத்துவமனையின் கதவும் நமது கதவும்

கிறிஸ்துவுக்குள் பிரியமான பங்காளர்களுக்கு,



காணிக்கையோடு நீங்கள் அனுப்பும் கடிதங்களை மருத்துவமனை அலுவலகத்தார் படித்துவிட்டு எங்களிடம் கொடுப்பது வழக்கம். ஜெப விண்ணப்பங்களைக் காலை ஆராதனையில் வாசிக்கிறோம். கேள்விகளைத் தனியே ஓர் உறையில் போட்டு வைக்கிறோம். அந்த உறையில் சமீப காலமாக இரண்டு கேள்விகள் மிகுதியாய்ச் சேர்ந்துவிட்டன. ஒன்று: "இப்பொழுது அரசாங்கமே எல்லாவற்றையும் இலவசமாகக் கொடுக்கிறது, காப்பீட்டு அட்டையும் இருக்கிறது. இனியும் மிஷன் மருத்துவமனைக்கு நாங்கள் கொடுப்பதில் பொருள் உண்டா?" மற்றது இதற்கு நேர் எதிரானது: "ஏழைகளுக்கென்றுதான் நாங்கள் பணம் அனுப்புகிறோம். நீங்களோ ஏழை நோயாளிகளை முண்டியம்பாக்கம் அரசு மருத்துவமனைக்குப் போகச் சொல்லுகிறீர்களாமே, இது நியாயமா?"

இரண்டாவது கடிதத்தை எழுதியவர் கொஞ்சம் கோபமாகவே எழுதியிருந்தார். அந்தக் கோபத்தில் அன்பு இருந்தபடியால் நாங்கள் வருத்தப்படவில்லை. ஆனால் இரண்டு கேள்விகளுக்கும் அடியில் ஒரே காரியம் கிடக்கிறது. ஜனங்களின் சுகத்திற்குப் பொறுப்பாளி யார்? அந்தப் பொறுப்பாளியிடம் கணக்குக் கேட்பது யாருடைய வேலை? பிரசங்க பீடத்திலிருந்து நாங்கள் அதிகம் பேசாத விஷயம் இது. இந்த இதழில் சற்று விரிவாகவே எழுதத் துணிகிறோம்.

திண்டிவனத்தில் ஓர் இரவு

பழைய கதையிலிருந்து தொடங்குவோம். உங்களில் பெரும்பாலோர் ஓய்வுநாள் பள்ளியிலேயே கேட்ட கதைதான். 1890ஆம் ஆண்டு, ஆற்காடு மிஷனைச் சேர்ந்த மருத்துவர் இரண்டாம் ஜான் ஸ்கடர் திண்டிவனத்தில் ஊழியம் செய்துகொண்டிருந்தார். அவருடைய மகள் ஐடா, தாயாரின் சுகவீனத்தினிமித்தம் அமெரிக்காவிலிருந்து வந்திருந்த இளம்பெண். மிஷன் ஊழியத்தில் தங்கிவிடும் எண்ணம் அவளுக்குக் கொஞ்சமும் இல்லை. ஓர் இரவில் மூன்று புருஷர் ஒருவர்பின் ஒருவராக வந்து கதவைத் தட்டினார்கள். ஒருவர் பிராமணர், ஒருவர் முஸ்லிம், மற்றொருவர் உயர்குலத்து இந்து. மூவருடைய மனைவிமாரும் பிரசவ வேதனையில் தத்தளித்தார்கள். ஆண் மருத்துவரை வீட்டிற்குள் விட மூவருக்கும் சம்மதமில்லை, ஐடாதான் வரவேண்டும் என்றார்கள். ஐடாவோ மருத்துவம் கற்றவள் அல்ல. பொழுது விடிந்தபோது மூன்று பெண்களும் மரித்துவிட்டார்கள் என்ற செய்தி வந்தது. அவள் அமெரிக்கா சென்று மருத்துவம் படித்து, 1899இல் கார்னெல் பல்கலைக்கழகத்தில் பட்டம் பெற்று, 1900இல் திரும்பி வந்ததும், வேலூரில் அந்த ஊழியம் வளர்ந்ததும் நீங்கள் அறிந்ததே.

இந்தக் கதையை நாங்கள் எத்தனையோ முறை அழைப்பைப் பற்றிய பிரசங்கத்தில் சொல்லியிருக்கிறோம். ஆனால் மூன்று புருஷரும் தட்டியது ஒரே கதவைத்தான் என்பதை வயதான பிறகே கவனித்தோம். அந்த ஊரில் தட்டுவதற்கு அவர்களுக்கு வேறு கதவு தெரியவில்லை. அந்த மூன்று பெண்களும் மரித்ததைப் பற்றி யாரும் யாரிடமும் விளக்கம் கேட்டதாகவும் நாம் கேள்விப்பட்டதில்லை. ஒரு பெண்ணின் உள்ளத்தில் மட்டும் அது கேள்வியாக நின்றது.

இன்று அதே திண்டிவனம் வட்டாரத்தில் ஒரு கர்ப்பிணிப் பெண் பிரசவத்தில் மரித்தால் நடப்பதென்ன? தமிழ்நாட்டில் 1990களின் நடுப்பகுதியிலிருந்தே தாய்மரணம் ஒவ்வொன்றையும் பதிந்து விசாரிக்கும் வழக்கம் ஏற்பட்டது. 2010இல் மத்திய அரசு வெளியிட்ட வழிகாட்டு நெறிகள் இதை நாடு முழுவதற்கும் ஒழுங்குபடுத்தின. மரணத்தைப் பற்றிய தகவல் 24 மணி நேரத்திற்குள் மேலிடத்திற்குப் போகவேண்டும். வீட்டிற்குச் சென்று உற்றாரிடம் நடந்ததை வரிசையாகக் கேட்டு எழுதவேண்டும். மருத்துவமனையில் நடந்ததைத் தனியாக ஆராயவேண்டும். கடைசியாக மாவட்ட ஆட்சியர் முன்னிலையில் கூட்டம் நடக்கும். அங்கே மருத்துவர்கள் மட்டுமல்ல, மரித்தவளின் வீட்டாரும் அழைக்கப்படுவார்கள்.

விசாரிப்பவர்கள் முக்கியமாகத் தேடுவது மூன்று தாமதங்களை. ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டும் என்று வீட்டில் முடிவெடுக்கத் தாமதமா? முடிவெடுத்தபின் போய்ச் சேரத் தாமதமா? போய்ச் சேர்ந்தபின் சிகிச்சை கிடைக்கத் தாமதமா? முதலாவது தாமதத்திற்குக் குடும்பத்தின் பங்கு உண்டு. இரண்டாவதும் மூன்றாவதும் பெரும்பாலும் அரசின் சாலை, அரசின் ஊர்தி, அரசின் மருத்துவர், அரசின் இரத்த வங்கி ஆகியவற்றைப் பற்றியவை. 2018-20 ஆண்டுகளுக்கான மாதிரிப் பதிவுக் கணக்கின்படி, ஒரு இலட்சம் உயிருள்ள பிறப்புகளுக்கு இந்தியாவில் 97 தாய்மார் மரித்தார்கள். தமிழ்நாட்டில் 54 பேர். இந்தக் குறைவிற்குக் காரணங்கள் பல. 24 மணி நேரமும் பிரசவம் பார்க்கும் ஆரம்ப சுகாதார நிலையங்களும், 2008 செப்டம்பரில் தொடங்கிய 108 ஊர்தியும், டாக்டர் முத்துலெட்சுமி ரெட்டி பெயரிலான மகப்பேறு நிதியுதவியும் அவற்றில் அடங்கும். ஆனால் ஒவ்வொரு மரணத்திற்கும் ஒருவர் எழுந்து நின்று பதில் சொல்லவேண்டும் என்ற ஏற்பாடு அவற்றில் சிறியதல்ல என்று எங்கள் மூத்த மருத்துவர் சொல்லுவார். 54 என்பது பூஜ்யமும் அல்ல. ஒவ்வொரு எண்ணும் ஒரு வீட்டின் தாய்.

கடமை எங்கே எழுதப்பட்டிருக்கிறது

அரசு மருத்துவமனையில் கிடைக்கும் வைத்தியத்தைத் தருமம் என்றே நம் ஜனங்களில் அநேகர் எண்ணுகிறார்கள். தருமத்திற்குக் கணக்குக் கேட்கக் கூடாதல்லவா? ஆகவே மருந்து இல்லை என்றாலும், மருத்துவர் இல்லை என்றாலும், தலைகுனிந்து திரும்பிவிடுகிறார்கள்.

உண்மை வேறு. நமது அரசியலமைப்பின் 47ஆம் பிரிவு, பொதுச் சுகாதாரத்தை மேம்படுத்துவதை அரசின் முதன்மையான கடமைகளில் ஒன்றாகச் சொல்லுகிறது. இது நெறிமுறைக் கோட்பாடுகளில் ஒன்று. இதை மட்டும் வைத்து நீதிமன்றத்தில் வழக்காட முடியாது. ஆனால் 21ஆம் பிரிவு கொடுக்கும் உயிர்வாழும் உரிமை அடிப்படை உரிமை. பொதுச் சுகாதாரமும் மருத்துவமனைகளும் மாநிலப் பட்டியலில் இருப்பதால் முதலில் பதில் சொல்லவேண்டியது மாநில அரசு. நம் மாநிலத்திற்கு இதில் நீண்ட பாரம்பரியம் உண்டு. 1939ஆம் ஆண்டின் சென்னைப் பொதுச் சுகாதாரச் சட்டமே இந்தியாவில் இத்தகைய முதல் சட்டம். அது இன்றும் உயிரோடு இருக்கிறது என்பதற்கு ஒரு சான்று: 2024 நவம்பரில் தமிழக அரசு பாம்புக்கடியை அறிவிக்கை செய்யவேண்டிய நோயாக்கியது இச்சட்டத்தின் கீழ்தான். இதனால் அரசு மருத்துவமனையானாலும் எங்களைப் போன்ற மருத்துவமனையானாலும், பாம்புக்கடியோடு வருகிறவர்களைப் பற்றி அரசுக்குத் தெரிவிக்கவேண்டும். ஏர் உழுகிறவனும் நாற்று நடுகிறவளும் எத்தனை பேர் கடிபட்டார்கள் என்று எண்ணினால்தான் எந்த ஆரம்ப சுகாதார நிலையத்தில் எத்தனை விஷமுறிவு மருந்துக் குப்பிகள் வேண்டும் என்று கேட்க முடியும். எண்ணப்படாதவனுக்கு ஒதுக்கீடு இல்லை.

இனி ஒரு வழக்கைச் சொல்லுகிறோம். 1992 ஜூலை 8 அன்று மேற்கு வங்காளத்தில் ஹக்கீம் ஷேக் என்ற விவசாயக் கூலித் தொழிலாளி ஓடும் இரயிலிலிருந்து விழுந்தார். தலையில் பலத்த காயம். முதலில் ஆரம்ப சுகாதார நிலையம், பிறகு கல்கத்தாவின் பெரிய அரசு மருத்துவமனைகள் என்று அவரைத் தூக்கிக்கொண்டு அலைந்தார்கள். ஓரிடத்தில் படுக்கை இல்லை, ஓரிடத்தில் வசதி இல்லை. கடைசியில் ஒரு தனியார் மருத்துவமனையில் சேர்த்தார்கள். செலவு சுமார் 17,000 ரூபாய். பிழைத்துக்கொண்ட ஹக்கீம் ஷேக்கும் அவருடைய தொழிலாளர் சங்கமும் உச்ச நீதிமன்றத்திற்குப் போனார்கள். 1996 மே மாதம் தீர்ப்பு வந்தது. அவசர சிகிச்சை தேவைப்பட்டவனுக்கு அரசு மருத்துவமனை அதை உரிய நேரத்தில் கொடுக்கத் தவறினால் அது 21ஆம் பிரிவை மீறியதாகும் என்றும், பணமில்லை என்று காரணம் சொல்லி அரசு இந்தக் கடமையிலிருந்து தப்ப முடியாது என்றும் நீதிமன்றம் சொன்னது. 25,000 ரூபாய் நஷ்டஈடு கொடுக்கும்படியும் உத்தரவிட்டது. ஒரு கூலித் தொழிலாளி கேட்டதினால் நாடு முழுவதற்கும் பிறந்த நியாயம் இது.

இதற்கு ஏழாண்டுகளுக்கு முன்பே, 1989இல், பரமானந்த் கட்டாரா வழக்கில் அதே நீதிமன்றம் இன்னொன்றைச் சொல்லியிருந்தது. விபத்தில் அடிபட்டு வருகிறவனுக்கு முதலில் சிகிச்சை, போலீஸ் நடைமுறையெல்லாம் பிறகு. இந்தக் கடமை அரசு மருத்துவருக்கும் தனியார் மருத்துவருக்கும் பொது. அதாவது மிஷன் மருத்துவமனையையும் சேர்த்துத்தான்.

நெடுஞ்சாலையும் சமாரியனும்

திண்டிவனத்திலிருந்து விழுப்புரம் செல்லும் நெடுஞ்சாலையில் இரவுப் பயணம் செய்தவர்களுக்கு அதன் பயங்கரம் தெரியும். சென்னையிலிருந்து தெற்கே போகும் வண்டிகளெல்லாம் இந்தச் சாலை வழியே பாய்கின்றன. குறுக்கே கடக்கிற கிராமத்தாருக்கும், சைக்கிளில் பால் கொண்டுபோகிறவனுக்கும் அந்த வேகம் புரிவதில்லை. 1993இல் தென்னாற்காடு மாவட்டத்தைப் பிரித்து விழுப்புரம் மாவட்டம் உண்டாக்கியபோது இங்கே மருத்துவக் கல்லூரி கிடையாது. பலத்த காயம் என்றால் புதுச்சேரி ஜிப்மருக்கு அல்லது சென்னைக்குத்தான். 2010இல் முண்டியம்பாக்கத்தில் அரசு மருத்துவக் கல்லூரி தொடங்கியது. நெடுஞ்சாலையோரமே இருப்பதால் விபத்தில் அடிபட்டவர்களுக்கு அது தேவன் கொடுத்த வசதி. விழுப்புரம் நகரத்து மூதாட்டிகளோ, சர்க்கரைக்கும் மூட்டுவலிக்கும் பஸ் ஏறிப் போகவேண்டியிருக்கிறதே என்று முணுமுணுக்கிறார்கள். இரண்டும் உண்மைதான். ஓர் இடத்தில் மருத்துவமனை கட்டப்பட்டதா என்பது ஒரு கேள்வி. வயதான ஒருத்தி அங்கே போய்ச் சேரமுடிகிறதா என்பது வேறொரு கேள்வி.

2021 டிசம்பர் 18 அன்று மேல்மருவத்தூரில், திண்டிவனத்திற்கு வடக்கே இதே நெடுஞ்சாலையோரத்தில், "இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48" என்ற திட்டத்தை முதலமைச்சர் தொடங்கி வைத்தார். சாலை விபத்தில் அடிபட்டவருக்கு முதல் 48 மணி நேரச் சிகிச்சை இலவசம். தொடங்கியபோது விதித்த வரம்பு ஒரு இலட்சம் ரூபாய். காப்பீட்டு அட்டை வேண்டியதில்லை. வெளிமாநிலத்தாரானாலும் வெளிநாட்டாரானாலும் சரி. அரசு மருத்துவமனைகளோடு, திட்டத்தில் சேர்ந்த தனியார் மருத்துவமனைகளிலும் இந்த வசதி உண்டு. இந்த விஷயம் தெரியாமல், லாரி மோதிய மகனை வைத்துக்கொண்டு நகையை அடகு வைக்க ஓடிய தகப்பன்மாரை நாங்கள் பார்த்திருக்கிறோம். உங்கள் சபையில் இதை ஒருமுறை அறிவிப்பு வேளையில் சொல்லிவிடுங்கள். அதற்கு ஒரு நிமிடம் போதும்.

இன்னொன்றும் சபையார் அறியவேண்டும். அடிபட்டவனைத் தூக்கினால் போலீஸ் ஸ்டேஷனுக்கும் கோர்ட்டுக்கும் அலையவேண்டும் என்று பயந்து விலகிப் போகிறவர்கள் இன்றும் உண்டு. 2019ஆம் ஆண்டின் திருத்தத்தின்படி மோட்டார் வாகனச் சட்டத்தில் 134-ஏ என்ற பிரிவு சேர்க்கப்பட்டது. நல்லெண்ணத்தோடு உதவி செய்தவர்மேல் வழக்குத் தொடர முடியாது. தன் பெயரைச் சொல்லும்படி அவரைக் கட்டாயப்படுத்தவும் கூடாது. இப்படி உதவுகிறவருக்குச் சட்டம் வைத்த பெயர் "குட் சமாரிட்டன்". எரிகோவுக்குப் போகும் வழியில் நம் ஆண்டவர் நிறுத்திய அந்த மனிதன் இந்தியச் சட்டப் புத்தகத்திற்குள் நுழைந்துவிட்டான். செமினரியில் எங்கள் கிரேக்கப் பேராசிரியர் உயிரோடிருந்தால் இதைக் கேட்டு வாய்விட்டுச் சிரித்திருப்பார்.

நாங்கள் செய்த தவறு ஒன்று

இனி நாங்கள் சொல்லப்போவது எங்களுக்குப் பெருமை தருவதல்ல. ஆனாலும் பங்காளர்களாகிய நீங்கள் அறிவது நல்லது.

கொஞ்ச காலத்திற்கு முன், ஒரு கிராமத்திலிருந்து வயதான தாயார் ஒருவர் மாதந்தோறும் நமது புறநோயாளர் பிரிவுக்கு வருவார். இரத்த அழுத்தத்திற்கும் சர்க்கரைக்கும் மாத்திரை வேண்டும். கையில் பஸ் கட்டணத்திற்கு மேல் காசு இருக்காது. உங்கள் காணிக்கையால் நடக்கும் ஏழையர் நிதியிலிருந்து மாத்திரை கொடுத்தோம். அவரைப் பார்த்து அதே கிராமத்திலிருந்து மேலும் சிலர் வந்தார்கள். ஒருநாள் வெளி வராந்தாவில் அவரோடு உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தபோது கேட்டோம்:

"ஏம்மா, உங்க ஊருக்குப் பக்கத்துலயே கவர்மெண்டு ஆஸ்பத்திரி இருக்குதே, அங்க மாத்திரை குடுக்கலையா?"

"குடுத்துக்கிட்டுதான் இருந்தாங்க ஐயா. அப்புறம் ரெண்டு மாசம் போனேன், இல்லைன்னுட்டாங்க. அதோட நான் போறதில்ல. அதான் நீங்க குடுக்கிறீங்களே."

"மத்தவங்க?"

"அவங்களும் போறதில்ல. இங்க போனா கிடைக்கும்னு நான்தான் சொன்னேன்."

அன்று மாலை எங்கள் மருந்தாளுநரிடம் இதைச் சொன்னோம். அவர் அரசுப் பணியில் இருந்து ஓய்வு பெற்றவர். அவர் சொன்னதைக் கேட்டு எங்களுக்குத் தூக்கம் வரவில்லை.

விஷயம் இதுதான். தமிழ்நாட்டில் அரசு மருத்துவமனைகளுக்கு மருந்து வாங்கிக் கொடுப்பது தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம். 1994இல் தொடங்கப்பட்டது. ஒவ்வொரு மருத்துவமனையும் தனித்தனியே கடையில் வாங்குவதற்குப் பதிலாக, கழகமே மொத்தமாக விலை பேசி வாங்கி, தரம் பார்த்து, மாவட்டக் கிடங்குகளில் வைக்கிறது. வங்கிப் பாஸ் புத்தகம் போலவே ஒவ்வொரு மருத்துவமனைக்கும் சுகாதார நிலையத்திற்கும் ஒரு பாஸ் புத்தகம் உண்டு. ஆண்டுக்கு இவ்வளவு ரூபாய்க்கு மருந்து எடுக்கலாம் என்று அதில் வரவு வைத்திருப்பார்கள். எடுக்க எடுக்கக் கழியும். பிற மாநிலங்கள் பல வந்து பார்த்துக் கற்றுக்கொண்டு போன ஏற்பாடு இது. ஆனால் வரவு எவ்வளவு என்பது அங்கே எத்தனை நோயாளிகள் வருகிறார்கள், எவ்வளவு மருந்து செலவாகிறது என்பதைப் பொறுத்தது.

"ஐயா," என்றார் மருந்தாளுநர், "அந்தக் கிராமத்து ஜனங்க அங்க போய் மருந்து இல்லைன்னு சத்தம் போட்டிருந்தா, டாக்டர் கிடங்குக்கு எழுதியிருப்பார். போகாததுனால, அந்த ஊர்ல சர்க்கரைக்காரங்களே குறைஞ்சுட்டாங்கன்னு ரிஜிஸ்டர் சொல்லும். அடுத்த வருஷம் இன்னும் கம்மியாத்தான் வரும்."

எங்கள் கைகளால், உங்கள் காணிக்கையால், மருந்து இல்லை என்ற செய்தியை நாங்கள் மறைத்திருக்கிறோம்! ஐந்து பேருக்கு நன்மை செய்து, அந்தச் சுகாதார நிலையத்தை நம்பியிருந்த மற்றவர்களுடைய பங்கைக் குறைத்துவிட்டோம். வேண்டுமென்று செய்யவில்லை. ஆனால் விளைவு விளைவுதான்.

அடுத்த மாதம் அந்தத் தாயாருக்கு மாத்திரையும் கொடுத்தோம், கூடவே ஒரு பெண் ஊழியரையும் அனுப்பினோம். அவர் சண்டை போடவில்லை. மருத்துவ அலுவலரைப் பார்த்து, இந்த ஐந்து பேரும் உங்கள் நோயாளிகள், இவர்கள் பெயரை மறுபடியும் பதிவேட்டில் எழுதுங்கள் என்று மட்டும் கேட்டார். 2021 ஆகஸ்டில் தொடங்கிய "மக்களைத் தேடி மருத்துவம்" திட்டத்தில் வீட்டிற்கே வந்து மாத்திரை கொடுக்கும் ஏற்பாடு இருக்கிறதே என்றும் நினைவூட்டினார். அந்த இளம் மருத்துவர் கோபிக்கவில்லை. தனியாக இரண்டு பேர் வேலையைப் பார்த்துக்கொண்டிருந்த பெண் அவர். "நீங்க எழுதிக் குடுத்தா எனக்கும் மேல கேக்கறதுக்கு வசதியா இருக்கும்" என்றாராம். எழுதிக் கொடுத்தோம். மாத்திரை வந்தது. அந்தத் தாயார் இப்பொழுது மாத்திரைக்காக எங்களிடம் வருவதில்லை. பண்டிகைக்கு மட்டும் வந்து, "ஐயா, நல்லா இருக்கீங்களா" என்று கேட்டுவிட்டுப் போகிறார்.

அந்த மருத்துவரின் வார்த்தையை நாங்கள் மறக்கவில்லை. கேட்பது என்றால் எதிரியாய் நிற்பது என்று நினைத்திருந்தோம். உள்ளே இருந்து வேலை செய்கிறவர்களுக்கே வெளியிலிருந்து கேட்கும் குரல் தேவைப்படுகிறது. காலி இடங்களை நிரப்பாதது அவர்களுடைய குற்றம் அல்லவே. 2024 டிசம்பரில் சட்டமன்றத்தில் வைக்கப்பட்ட தணிக்கைத் துறைத் தலைவரின் அறிக்கையும் தமிழக மருத்துவமனைகளில் மருத்துவர், செவிலியர் பற்றாக்குறையைச் சுட்டிக்காட்டியது.

அட்டை இல்லாதவர்கள்

அரசின் திட்டங்கள் எத்தனை நல்லவையானாலும், அவற்றின் வாசலில் ஒரு காகிதம் கேட்பார்கள். முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் 2012 ஜனவரியில் தொடங்கியது. அதில் சேர ரேஷன் கார்டும் வருமானச் சான்றும் வேண்டும். நமக்கு அது சின்ன வேலை. செங்கல் சூளையிலும் கரும்பு வெட்டிலும் ஊர் ஊராய்ப் பெயர்கிற இருளர் குடும்பத்திற்கு அது மலை. திண்டிவனம், செஞ்சி, மரக்காணம், வானூர் பக்கங்களில் ஏரிக்கரையிலும் ஓடைப் புறம்போக்கிலும் குடிசை போட்டிருக்கும் இவர்களில், கார்டு வாங்கவே ஆண்டுக்கணக்கில் அலைந்தவர்கள் உண்டு. திண்டிவனத்தில் பேராசிரியர் பிரபா கல்விமணியும் பழங்குடி இருளர் பாதுகாப்புச் சங்கத்தாரும் இதற்காகப் பல்லாண்டுகள் பாடுபட்டு வந்திருப்பதை இங்கே நன்றியோடு குறிப்பிடுகிறோம். அவர்கள் சபையைச் சேர்ந்த இயக்கம் அல்ல. ஆனாலும் நாம் செய்யவேண்டிய வேலையை நமக்கு முன்னே செய்தவர்கள்.

இதில் ஒரு வேடிக்கையான துயரம் உண்டு. 1978இல் மாமல்லபுரம் பக்கம் வடநெம்மேலியில் இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் ஏற்பட்டது. அவர்கள் பிடித்த பாம்புகளின் விஷத்திலிருந்துதான் நாட்டின் விஷமுறிவு மருந்து பெருமளவு செய்யப்பட்டு வருகிறது. அந்த மருந்து எல்லா அரசு மருத்துவமனைகளிலும் இலவசம். அந்த விஷத்தைத் தேடித் தந்த ஜாதியாரில் ஒருவர் நோயாய் விழுந்தால், அட்டை எங்கே என்று கேட்கிறோம்.

சபைக்குள் எழுந்த முறையீடு

இப்படிக் கேட்பதெல்லாம் அரசியல், ஊழியக்காரனுக்கு இது ஏற்றதா என்று ஒரு மூப்பர் எங்களிடம் கேட்டார். அப்போஸ்தலர் நடபடிகள் ஆறாம் அதிகாரத்தைத் திறந்து பாருங்கள் என்றோம். எருசலேம் சபையில் விதவைகளுக்கு அன்றாடம் பங்கீடு நடந்தது. கிரேக்க பாஷை பேசிய விதவைகள் அதில் விடுபட்டுப் போனார்கள். அவர்களுடைய ஜனங்கள் முறையிட்டார்கள். அப்போஸ்தலர் அந்த முறையீட்டை அவிசுவாசம் என்று தள்ளவில்லை. முறையிட்டவர்களைச் சபையை விட்டு விலக்கவும் இல்லை. பங்கீட்டைக் கவனிக்க ஏழு பேரைத் தெரிந்துகொண்டார்கள். அந்த ஏழு பெயர்களையும் வாசித்தால், ஸ்தேவான், பிலிப்பு, பிரொகோரு என்று எல்லாம் கிரேக்கப் பெயர்கள். விடுபட்டவர்களின் பக்கத்திலிருந்தே பொறுப்பாளர்களை வைத்தார்கள் என்று வேதபண்டிதர் பலர் கருதுகிறார்கள். சபைக்குள் நடந்த பங்கீட்டிற்கே முறையீடு ஏற்றது என்றால், நம்முடைய வரிப்பணத்தில் நடக்கும் பங்கீட்டைப் பற்றிக் கேட்பது எப்படித் தகாததாகும்?

கேட்க வழிகளும் இருக்கின்றன. 104 என்ற எண்ணில் மருத்துவ ஆலோசனையோடு, அரசு மருத்துவமனைகளைப் பற்றிய புகாரையும் சொல்லலாம். திங்கட்கிழமைதோறும் ஆட்சியர் அலுவலகத்தில் குறைதீர்க்கும் நாள். மனுவிற்கு ரசீது வாங்கிக்கொள்ள மறக்கக் கூடாது. கிராம சபை ஆண்டில் ஆறு நாட்கள் கூடுகிறது. துணை சுகாதார நிலையத்தில் நர்ஸ் இல்லை என்பதைத் தீர்மானமாகவே எழுதலாம். தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2005இல் வந்தது. ஒரு வெள்ளைத்தாளில் கேள்வியை எழுதி, பத்து ரூபாய்க்கு நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டி அனுப்பினால் 30 நாட்களுக்குள் பதில் வரவேண்டும். உயிரையும் சுதந்தரத்தையும் பற்றிய தகவலானால் 48 மணி நேரம். எங்கள் அனுபவத்தில் கேள்வி சிறியதாக இருந்தால் பதில் சீக்கிரம் வருகிறது. "ஏன் மருத்துவமனை சரியாக நடக்கவில்லை?" என்று கேட்காதீர்கள். "இந்தச் சுகாதார நிலையத்தில் அனுமதிக்கப்பட்ட மருத்துவர் பணியிடங்கள் எத்தனை, நிரப்பப்பட்டவை எத்தனை?" என்று கேளுங்கள்.

மற்றவர்களிடம் கணக்குக் கேட்கும் நாங்கள் எங்கள் கணக்கையும் சொல்லவேண்டும். 1995 நவம்பரில் உச்ச நீதிமன்றம் வி.பி. சாந்தா வழக்கில், மருத்துவ சேவையும் நுகர்வோர் சட்டத்தின் கீழ் வரும் என்றது. அதில் ஒரு நுட்பம் உண்டு. எல்லோருக்குமே இலவசமாக நடக்கும் மருத்துவமனைமேல் நுகர்வோர் மன்றத்தில் வழக்குப் போட முடியாது. சிலரிடம் கட்டணம் வாங்கி ஏழைகளுக்கு இலவசமாய்ச் செய்யும் மருத்துவமனையிலோ, காசு கொடுக்காத ஏழைக்கும் அந்த உரிமை உண்டு. ஆகவே முற்றிலும் இலவசமான அரசு மருத்துவமனையில் தவறு நடந்தால் ஏழை உரிமையியல் நீதிமன்றத்திற்கோ, உயர் நீதிமன்றத்திற்கோ, மாநில மனித உரிமை ஆணையத்திற்கோ போகவேண்டும். நமது மருத்துவமனை இரண்டாம் வகை. உங்கள் காணிக்கையால் இலவசமாய்ப் படுத்திருக்கும் நோயாளி நாளைக்கு எங்களை நுகர்வோர் மன்றத்திற்கு இழுக்கலாம். அது எங்களுக்குச் சிரமந்தான். ஆனால் இலவச வார்டின் சுவரில் அந்த உரிமையைத் தமிழில் எழுதி மாட்டியிருக்கிறோம். மாட்டவேண்டுமா என்று நிர்வாகக் குழுவில் ஒரு மணி நேரம் விவாதம் நடந்தது.

இனி அந்த இரண்டு கடிதங்களுக்கும் வருவோம். ஆம், அரசு கொடுக்கக்கூடிய சிகிச்சைக்கு ஏழை நோயாளிகளை முண்டியம்பாக்கத்திற்கோ திண்டிவனம் அரசு மருத்துவமனைக்கோ அனுப்புகிறோம். ஆனால் தனியாய் அனுப்புவதில்லை. கூடப் போக ஓர் ஊழியர் இருக்கிறார். ஓ.பி. சீட்டு எங்கே வாங்குவது, ஸ்கேன் எந்தக் கட்டடத்தில், எந்த நாளில் எந்த மருத்துவர் என்பதெல்லாம் அவருக்குத் தெரியும். பஸ் கட்டணமும், துணைக்கு வருகிறவரின் கூலி இழப்பிற்கு ஒரு சிறு தொகையும் ஏழையர் நிதியிலிருந்து கொடுக்கிறோம். படுக்கை இல்லை என்று திருப்பினால் அந்த வார்த்தையை எழுத்தில் கேட்கும்படி அவருக்குச் சொல்லியிருக்கிறோம்; எழுத்தில் கேட்டவுடன் படுக்கை கிடைத்த நாட்களும் உண்டு. அரசு மருத்துவமனையில் கிடைக்காததை, அல்லது காத்திருக்க முடியாததை, நாங்கள் இங்கே செய்கிறோம். மரணப் படுக்கையில் இருப்பவரோடு இரவெல்லாம் உட்கார்ந்திருப்பதும் அதில் சேரும்.

சனிக்கிழமை காலை பத்து மணி முதல் ஒரு மணி வரை நமது சிற்றாலயத்தின் வராந்தாவில் ஒரு மேசை போட்டிருக்கிறோம். வருமானச் சான்று, காப்பீட்டு அட்டை, மனு, தகவல் உரிமை விண்ணப்பம் ஆகியவற்றை எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்கு எழுதிக் கொடுக்கிறோம். இப்பொழுது இருவர் மட்டுமே எழுதுகிறார்கள். ஒருவருக்குக் கண்புரை அறுவை சிகிச்சை நடக்கவிருக்கிறது. உங்கள் சபைகளில் தாலுகா அலுவலகத்திலோ பள்ளியிலோ பணிசெய்து ஓய்வு பெற்றவர்கள் மாதத்தில் ஒரு சனிக்கிழமை வர முடிந்தால் எழுதித் தெரிவியுங்கள். மதிய உணவு மருத்துவமனைச் சமையலறையில் கிடைக்கும். பேனாவும் தாளும் நாங்கள் வைத்திருக்கிறோம். வில்லைகள் மட்டும் அடிக்கடி தீர்ந்துபோகின்றன.

அவருடைய ஊழியத்தில் உங்கள்,
மருத்துவமனைக் குருவானவர்